வெண்டையில் ஒரே ஒரு இலை மஞ்சளானால் கிள்ளிப் போட்டால் போதுமா? செடிக்குள் வைரஸ் நகரும் வழி

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வெண்டைச் செடியில் ஒரு இலைதான் மஞ்சளாகியிருக்கிறது. மற்ற இலையெல்லாம் பச்சையாக இருக்கிறது. அந்த இலையை மட்டும் கிள்ளிப் போட்டால் செடி பிழைக்குமா?"

பிழைக்காது. நரம்பு மஞ்சளாகி உங்கள் கண்ணுக்குத் தெரியும் நாளில் அந்த வைரஸ் தண்டு, வேர், குருத்து எல்லாவற்றிலும் குடியேறியிருக்கும். பச்சையாகத் தெரியும் கீழ் இலைகள் ஆரோக்கியமானவை என்று சொல்ல முடியாது. நோய் வருவதற்கு முன்பே முற்றிவிட்ட இலைகள் அவை, அவ்வளவுதான். ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால், எந்தச் செடியைப் பிடுங்க வேண்டும், எதற்காக மருந்து அடிக்கக் கூடாது, எந்த நாட்களில் கவனமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில் நோயைச் சரியாக அடையாளம் காண வேண்டும். இலை மஞ்சளானாலே வைரஸ் என்று பயப்பட வேண்டாம். இரும்புச்சத்து அல்லது மெக்னீசியம் குறைந்தால் நரம்பு பச்சையாகவே இருக்கும், நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதிதான் வெளுக்கும். மஞ்சள் நரம்புத் தேமல் நோயில் இது தலைகீழ். நரம்புகள் மஞ்சளாகி, பச்சை இலையின் மேல் மஞ்சள் நூலால் வலை பின்னியதுபோல் தெரியும். நாள் ஆக ஆக இடைப்பட்ட பச்சையும் மங்கி, புதிதாக வரும் இலைகள் முழுக்க மஞ்சளாகவே விரியும். காய்கள் சிறுத்து, வெளிர் மஞ்சளாகி, நார் பிடித்துப் போகும். இலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் குழப்பமே இருக்காது.

இந்த நோயைப் பற்றி 1924-லேயே பம்பாய் மாகாணத்திலிருந்து பதிவு இருக்கிறது. இன்று வெண்டை பயிராகும் இடமெல்லாம் இருக்கிறது. திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் இது இன்னும் சுலபமாகப் பரவுகிறது. அங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு மொட்டை மாடியிலிருந்து அடுத்த மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் மட்டும்தான் எல்லை. தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளையை மானியத்தில் வாங்கி வந்து பத்துப் பை வெண்டை வைத்தவருக்கும், அடுத்த மாடியில் செம்பருத்தி வைத்திருப்பவருக்கும் இடையில் வெள்ளை ஈ காற்றோடு போய் வந்துகொண்டிருக்கும்.

வெள்ளை ஈ ஒரு சுமைதூக்கிதான். நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சும்போது வைரஸ் அதன் உடலுக்குள் போகிறது. குடல் வழியாக இரத்தத்தில் கலந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வர சில மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு அந்த ஈ நீண்ட நாள், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், போகும் செடிகளுக்கெல்லாம் நோயைக் கொடுக்கும். ஊசிபோன்ற வாயை இலையின் நரம்புக்குள், உணவு ஓடும் புளோயம் குழாய் வரை செலுத்தி அங்கேயே வைரஸை இறக்கிவிடுகிறது. அதோடு ஈயின் வேலை முடிந்தது. இனி வைரஸ் தானாகத்தான் செடி முழுக்கப் போயாக வேண்டும். ஆனால் அதற்குக் கால் கிடையாது, நீந்தும் உறுப்பும் கிடையாது. மனித உடலில் நுழையும் வைரஸைப்போல் ஒரு செல்லைவிட்டு வெளியே வந்து அடுத்த செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு நுழையவும் முடியாது. ஏனென்றால் தாவரச் செல் ஒவ்வொன்றையும் சுற்றி செல்லுலோஸால் ஆன கெட்டியான சுவர் இருக்கிறது.

பிறகு எப்படிப் போகிறது? சுவரில் ஓட்டை இருக்கிறது.

திருவல்லிக்கேணியின் ஒண்டுக்குடித்தன வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அறை, தனிச் சுவர். ஆனால் நடுச்சுவரில் ஒரு சின்ன மாடக்குழி திறப்பு இருக்கும். ஒரு கிண்ணம் ரசம், ஒரு கரண்டி சர்க்கரை அந்த வழியாகப் போய் வரும். ஆள் நுழைய முடியாது. தாவரச் செல்களும் இப்படித்தான் குடித்தனம் நடத்துகின்றன. பக்கத்துப் பக்கத்து செல்களை இணைக்கும் நுண்ணிய துளைகளுக்கு பிளாஸ்மோடெஸ்மேட்டா என்று பெயர். எட்வர்ட் டாங்கல் என்ற தாவரவியலாளர் 1879-லேயே இவற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டார். துளையின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் முழுத் துளையும் காலியாக இருப்பதில்லை. நடுவில் ஒரு சவ்வுக்குழல் ஓடுகிறது. அதைச் சுற்றி மிஞ்சும் இடுக்கில் சர்க்கரை, தாது உப்பு, சிறிய சமிக்ஞைப் பொருட்கள் மட்டும் நழுவிச் செல்லும். எடைக் கணக்கில் சொன்னால் சுமார் 800 டால்டன் வரைதான் அனுமதி. நாம் சாப்பிடும் சர்க்கரையின் மூலக்கூறு 342 டால்டன், அதனால் போய்விடும். புகையிலைத் தேமல் வைரஸோ 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் தடிமனும் உள்ள ஒரு கோல். அந்தக் கோல் இந்த மாடக்குழியில் நுழைய வழியே இல்லை.

எனவே வைரஸ் சுவரை உடைப்பதில்லை. வாசலை அகலப்படுத்தும் ஆளைத் தன்னோடு கூட்டி வருகிறது. அந்த ஆளுக்குத்தான் நகர்வுப் புரதம் என்று பெயர்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1970-களின் இறுதியில் ஜப்பானிய விஞ்ஞானிகள் புகையிலைத் தேமல் வைரஸில் ஒரு விசித்திரமான வகையைப் பிடித்தார்கள். 22 டிகிரி செல்சியஸில் அது வழக்கம்போல் செடி முழுக்கப் பரவியது. 32 டிகிரியில் வைத்தால், நுழைந்த செல்லுக்குள் நன்றாகப் பெருகியது, ஆனால் அடுத்த செல்லுக்குப் போகவில்லை. அறைக்குள் ஆயிரக்கணக்கில் பெருகிக்கொண்டு வாசலைத் திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டது. பெருகுவதும் பரவுவதும் இரண்டு வெவ்வேறு வேலைகள் என்று அப்போது தெளிவானது. சாதாரண வைரஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தேடிப் போனபோது, அது 30 கிலோடால்டன் எடையுள்ள ஒரே ஒரு புரதத்தில், அதிலும் ஒரே ஒரு அமினோ அமிலத்தில் வந்து நின்றது.

1987-ல் அமெரிக்காவில் ரோஜர் பீச்சியின் குழு அந்தப் புரதத்தின் மரபணுவை மட்டும் எடுத்துப் புகையிலைச் செடிக்குள் வைத்தது. அந்தச் செடியில் மேலே சொன்ன முடமான வைரஸை 32 டிகிரியில் விட்டார்கள். இப்போது அது தடையின்றிப் பரவியது. வாசல் திறக்கும் ஆள் செடியிலேயே தயாராக இருந்ததால் வைரஸ் தன் ஆளைக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, ஒளிரும் சாயம் ஏற்றிய மூலக்கூறுகளைச் செல்லுக்குள் செலுத்தி அளந்து பார்த்தார்கள். சாதாரண இலையில் 800 டால்டனுக்கு மேல் போகாத துளை வழியாக, நகர்வுப் புரதம் உள்ள இலையில் 9,400 டால்டன் மூலக்கூறு போயிற்று. பத்து மடங்குக்கும் அதிகம்.

பத்து மடங்கு அகலப்படுத்தினாலும் 300 நானோமீட்டர் கோல் போகுமா என்று நீங்கள் கேட்கலாம். போகாது. அங்கேதான் புரதத்தின் இன்னொரு வேலை இருக்கிறது. அது வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. இழையைப் பிடித்து, மடிப்பெல்லாம் நீக்கி, மெல்லிய நூலாக்கித் துளை வழியே கோக்கிறது. சட்டை கழற்றிய வைரஸ் மட்டும் அடுத்த அறைக்குப் போகிறது. அங்கே போய்ப் பெருகி மறுபடி அதே வேலை. இப்படி ஒரு செல்லைத் தாண்ட வைரஸுக்குச் சில மணி நேரம் பிடிக்கும்.

எல்லா வைரஸும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. இலைப்பேன் பரப்பும் தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ், துளையின் நடுக்குழலை அப்புறப்படுத்திவிட்டுத் தன் நகர்வுப் புரதத்தாலேயே ஒரு புதிய குழாய் போட்டுக்கொள்கிறது. நம் நிலக்கடலையிலும் தக்காளியிலும் மொட்டுக்கருகல் நோயை உண்டாக்குவது அதே குடும்பத்து வைரஸ்தான். பப்பாளி வளையப்புள்ளி வைரஸின் குடும்பம், துளையின் வாயில் கூம்பு வடிவில் ஒரு அமைப்பைக் கட்டுகிறது. அந்தக் கூம்பைத் துளையருகில் கொண்டுவந்து நிறுத்தும் சிறிய புரதத்தை 2008-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை வேறொரு மரபணுவுக்குள் ஒளிந்திருந்தது.

வெண்டைக்கு வருவோம். இதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரியது, வெளியே அதிகம் பேசப்படாதது. வெண்டை வைரஸின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. அல்ல, வட்டமான டி.என்.ஏ. அளவு சுமார் 2,700 எழுத்து. அது பெருகுவது செல்லின் உட்கருவுக்குள். ஆகவே அதற்கு இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டிய கட்டாயம்: முதலில் உட்கருவைவிட்டு வெளியே, பிறகு செல்சுவரைத் தாண்டி அடுத்த செல்லுக்கு. மரவள்ளித் தேமல் வைரஸும் உளுந்து மஞ்சள் தேமல் வைரஸும் இதே இனம்தான். அவற்றுக்கு இரண்டு டி.என்.ஏ. வட்டங்கள் உண்டு. இரண்டாவது வட்டத்தில் இருப்பதே இந்தப் போக்குவரத்து வேலைக்கான இரண்டு மரபணுக்கள்தான். ஒன்று உட்கரு வாசலுக்கு, மற்றது சுவர் வாசலுக்கு.

வெண்டை வைரஸிலோ அந்த இரண்டாவது வட்டம் இல்லை. பிறகு எப்படிச் சமாளிக்கிறது? மதுரையில் ஜாய்ஸ் ஜோஸும் ஆர். உஷாவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வைரஸை மட்டும் செடிக்குள் செலுத்தினால் லேசான இலைச்சுருளோடு நின்றுவிடுகிறது, கூடவே வைரஸைச் சார்ந்து வாழும் ஒரு சிறிய டி.என்.ஏ. துணைக்கோளையும் சேர்த்துச் செலுத்தினால்தான் வயலில் நாம் பார்க்கும் மஞ்சள் நரம்பு வருகிறது என்று காட்டினார்கள். வைரஸில் பாதியளவே உள்ள இந்தத் துணைக்கோள் பீட்டா சி1 என்ற ஒரே ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. 2006-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகளோடு சேர்ந்து செய்த அடுத்த ஆய்வில், வைரஸின் மேலுறைப் புரதம் உட்கருவுக்குப் போய் வருவதும், பீட்டா சி1 செல்லின் ஓரத்தில் போய் அமர்வதும் தெரிந்தது. இரண்டாவது வட்டம் உள்ள வைரஸ்களில் இரண்டு புரதங்கள் செய்யும் வேலையை இங்கே மேலுறையும் துணைக்கோளும் பங்கு போட்டுக்கொள்கின்றன என்ற முடிவுக்கு அது இட்டுச் சென்றது. கூலிக்கு ஆள் பிடித்த கதைதான். துணைக்கோளின் உதவியால் செடியின் எதிர்ப்பும் மட்டுப்படுகிறது.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். செல்லுக்குச் செல் சில மணி நேரம் என்றால் இலையிலிருந்து வேருக்குப் போக மாதக்கணக்கில் ஆகுமே, அதற்குள் இலையைக் கிள்ளிவிடலாமே என்று தோன்றும்.

இதை 1934-லேயே ஜெஃப்ரி சாமுவேல் என்பவர் தக்காளியில் சோதித்துப் பார்த்தார். ஒரு இலையில் மட்டும் புகையிலைத் தேமல் வைரஸைத் தடவி, நாள்தோறும் சில செடிகளைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் வைரஸ் இருக்கிறது என்று சோதித்தார். முதல் மூன்று நாட்கள் வைரஸ் தடவிய இலையை விட்டு நகரவில்லை. நாலைந்து நாளில் திடீரென வேரில் இருந்தது, உடனே குருத்திலும் இருந்தது. நடுவில் உள்ள முற்றிய இலைகளில் இல்லை. செடி முழுக்க நிறைய மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று.

என்ன நடந்தது? முதலில் செல்லுக்குச் செல் மெதுவாக நடந்த வைரஸ், புளோயம் குழாயை அடைந்ததும் ரயில் ஏறிவிட்டது. புளோயம் என்பது இலை சமைத்த சர்க்கரையைத் தேவைப்படும் இடத்துக்கு எடுத்துச் செல்லும் பாதை. சர்க்கரை எங்கே தேவை? வேருக்கும், வளரும் குருத்துக்கும், பிஞ்சுக்கும். ஆகவே வைரஸும் அங்கேதான் முதலில் இறங்குகிறது. முற்றிய இலை சர்க்கரையை அனுப்பும், வாங்காது. அதனால்தான் அது கடைசி வரை பச்சையாக நின்று நம்மை ஏமாற்றுகிறது.

வெண்டையில் நிலைமை இன்னும் மோசம். புகையிலைத் தேமலுக்காவது இலையின் மேல்தோலிலிருந்து நரம்பு வரை நடக்கும் மூன்று நாள் உண்டு. வெள்ளை ஈ வைரஸை நேராக ரயில் நிலையத்திலேயே இறக்கிவிடுகிறது. மஞ்சள் ஏன் நரம்பில் தொடங்குகிறது என்பதும் இதிலிருந்து புரியும். வைரஸ் வாழ்வதே பெரும்பாலும் நரம்பையும் அதை ஒட்டிய செல்களையும் சார்ந்துதான்.

(ஒரு சின்ன விலகல். திருவல்லிக்கேணியை அடுத்த சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தை நடத்திய டி. எஸ். சதாசிவன், பருத்தி வாடல் நோய் ஆய்வுக்காக உலகெங்கும் அறியப்பட்டவர். அந்த வாடல் நோய்ப் பூஞ்சை போகும் பாதை நீர் ஏறும் சைலம் குழாய், வைரஸ் போகும் பாதை உணவு இறங்கும் புளோயம் குழாய். அது வாடும், இது மஞ்சளாகும். இரண்டையும் ஒரே மருந்தால் குணப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.)

மருந்து என்றதும் சொல்லியாக வேண்டும். செடிக்குள் ஏறிவிட்ட வைரஸைக் கொல்ல வயலில் அடிக்கக்கூடிய மருந்து எதுவும் இல்லை. பூஞ்சைக்கொல்லி வைரஸை ஒன்றும் செய்யாது. பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் செடிக்கு ஊட்டம் கொடுக்கும், துளையை அடைக்காது. நுண்ணூட்டம் தெளித்ததும் பச்சை திரும்பியது என்று யாராவது சொன்னால், அவர் செடிக்கு இருந்தது சத்துக்குறைபாடாகத்தான் இருந்திருக்கும்.

துளையை அடைக்கும் வேலையைச் செடி தானே முயன்று பார்க்கிறது. துளையின் வாயில் காலோஸ் என்ற பசைபோன்ற பொருளைப் படியவைத்து வாசலைச் சுருக்குகிறது. வைரஸ் அதைக் கரைக்கும் வழிகளைத் தேடுகிறது. யார் முந்துகிறார்கள் என்பதில்தான் ஒரு ரகத்தின் தாங்கும் திறன் பெருமளவு அடங்கியிருக்கிறது.

சில செடிகள் இதைவிடப் புத்திசாலித்தனமாக நகர்வுப் புரதத்தையே அடையாளம் கண்டு பிடிக்கின்றன. காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து எடுத்துப் பயிர்த் தக்காளிக்கு மாற்றப்பட்ட ஒரு எதிர்ப்பு மரபணு, வாசல் திறக்கும் அந்தப் புரதத்தைக் கண்டதும் அந்தச் செல்லையே சாகடித்துவிடும். வைரஸ் அங்கேயே முடங்கும். பல பத்தாண்டுகள் இந்த மரபணு தேமல் வைரஸ்களிலிருந்து தக்காளியைக் காப்பாற்றியது. பிறகு 2014-ல் இஸ்ரேலிலும் 2015-ல் ஜோர்டானிலும் பசுமைக்குடில் தக்காளியில் பழம் பழுப்பாகச் சுருங்கும் புதிய வைரஸ் தலைகாட்டியது. அதன் நகர்வுப் புரதத்தில் ஏற்பட்ட சில மாற்றங்களால் காவலாளி அதை அடையாளம் காணவில்லை. வேடிக்கை என்னவென்றால், அப்படி முகத்தை மாற்றிக்கொண்டதால் அந்தப் புரதத்தின் வாசல் திறக்கும் திறனும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வைரஸுக்கும் இலவசமாக ஒன்றும் கிடைப்பதில்லை.

சரி, உங்கள் மாடியில் என்ன செய்வது?

முதல் 40 நாட்கள்தான் உயிர்நாடி. எவ்வளவு சின்ன வயதில் வைரஸ் ஏறுகிறதோ அவ்வளவு இழப்பு. இந்தியாவில் 1974-ல் சாஸ்திரி, சிங் இருவரும் வெளியிட்ட கணக்கின்படி, முளைத்த 50-ஆம் நாளில் தொற்றினால் மகசூலில் 84 சதவீதம் போகிறது, 65-ஆம் நாளில் தொற்றினால் 49 சதவீதம். இளஞ்செடியில் தொற்றினால் 94 சதவீதம் வரை போய்விடும், அதாவது காயே கிடைக்காது. அதனால் விதைத்த நாளிலிருந்து பூக்கும் வரை செடிப்பைகளின் மேல் நைலான் வலை போடுங்கள். சாதாரண நிழல்வலை உதவாது, வெள்ளை ஈ அதில் தாராளமாக நுழையும். ஒரு அங்குலத்துக்கு 40 முதல் 50 கண்கள் உள்ள பூச்சிவலை வேண்டும். நாலு மூங்கில் குச்சி நட்டு மூடி, அடியில் செங்கல் வைத்து அழுத்தினால் போதும். கடற்கரைக் காற்றில் வலை பறக்காமல் கட்டுவதுதான் திருவல்லிக்கேணிக்காரர்களுக்குப் பெரிய வேலை. வெண்டை தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக் காய்க்கும் பயிர். எனவே தேனீ வராவிட்டால் காய்க்காதே என்ற கவலை வேண்டாம்.

மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடியின் உயரத்துக்குக் கட்டுங்கள். அது வெள்ளை ஈயை ஒழித்துவிடாது. எத்தனை ஈ வந்திருக்கிறது என்று உங்களுக்குக் காட்டும், அதுவே பெரிய உதவி. வயலில் ஏக்கருக்கு ஐந்து போதும், மாடியில் பத்துப் பைக்கு ஒன்று வைக்கலாம். வாரம் ஒரு முறை, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளியுங்கள். மேல்பக்கம் தெளித்துப் பயனில்லை, ஈயும் அதன் குஞ்சும் இருப்பது அடியில்.

இவ்வளவு செய்தும் ஒரு செடியில் மஞ்சள் நரம்பு வந்துவிட்டது என்றால் அன்றே அந்தச் செடியை எடுத்துவிடுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் பிடுங்காதீர்கள். செடியை அசைத்ததும் அதிலுள்ள ஈக்கள் எல்லாம் பறந்து பக்கத்துச் செடிக்கோ பக்கத்து மாடிக்கோ போகும், வைரஸையும் எடுத்துக்கொண்டு. அதிகாலையில், ஈக்கள் மந்தமாக இருக்கும்போது, முதலில் வேப்பெண்ணெய்க் கரைசலை நன்றாக நனைத்துத் தெளித்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைச் செடியின் மேல் கவிழ்த்து, அடியில் கட்டி, பிறகு வேரோடு பிடுங்குங்கள். பையை மூடியபடியே இரண்டு நாள் வெயிலில் வைத்தால் ஈயும் குஞ்சும் செத்துவிடும். அதன்பின் அதை உரக்குழியில் போடலாம். இந்த வைரஸ் மண்ணில் வாழாது, எனவே பையிலுள்ள தென்னைநார்க் கலவையைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த பயிருக்கு அதே கலவை உதவும்.

பக்கத்து மாடி மாமியிடமும் எதிர் வீட்டு பாயிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் செம்பருத்தியின் இலையைத் திருப்பிப் பார்த்து வெள்ளை ஈ இருந்தால் கழுவிவிடச் சொல்லுங்கள். மாடி மூலையிலும் கழிவுநீர்க் குழாய் ஓரத்திலும் தானாக முளைக்கும் துத்தி போன்ற களைகளைப் பிடுங்குங்கள். ஒரு மாடியில் மட்டும் மருந்தடித்தால் ஒரு வாரம்தான் நிம்மதி.

"காய் மஞ்சளாக இருக்கிறது, சாப்பிடலாமா?" என்றும் கேட்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். இந்த வைரஸின் சாவி தாவரச் செல்லின் துளைக்கானது, நம் உடலில் அதற்கு வேலை இல்லை. ருசிதான் இருக்காது.

ரகத்தேர்வும் முக்கியம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா ரகம் காட்டு வெண்டையோடு ஒட்டுச்சேர்த்து உருவாக்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4 வீரிய ஒட்டு வெண்டையும் இந்த நோயைத் தாங்கக்கூடியது. தாங்கும் ரகம் என்றால் ஒருபோதும் வராது என்று அர்த்தமில்லை, ஈ அதிகமாகும் வறண்ட வெயில் மாதங்களில் அதிலும் மஞ்சள் தெரியலாம். உளுந்து போடுபவர்களுக்கு வம்பன் 6, வம்பன் 8 ரகங்கள் மஞ்சள் தேமலை எதிர்ப்பவை.

தக்காளியும் மிளகாயும் வைத்திருந்தால் வேறு ஒரு எச்சரிக்கை. அவற்றில் வரும் புகையிலைத் தேமல் வகை வைரஸ்களுக்கு ஈ தேவையில்லை, உங்கள் கையே போதும். நாற்றைத் தொடும்போது இலையிலுள்ள நுண்ணிய மயிர்கள் முறியும், அந்தக் காயம்தான் நுழைவாயில். பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவாமல் தக்காளி நாற்றைத் தொடக் கூடாது. பக்கக் கிளை கிள்ளும்போது ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கையையும் கத்தரிக்கோலையும் கொழுப்பு நீக்கிய பால்பொடி கரைசலில் நனைத்துக்கொள்வது உலகெங்கும் பசுமைக்குடில்களில் உள்ள வழக்கம், பாலின் புரதம் வைரஸின் மேல் படிந்து தொற்றைத் தடுக்கிறது. இந்த வைரஸ் காய்ந்த இலையிலும் நீண்ட நாள் பிழைத்திருக்கும். வெண்டைக்குச் சொன்னதுபோல் உரக்குழியில் போடாதீர்கள், அப்புறப்படுத்திவிடுங்கள்.

ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக வாழையும் மரவள்ளியும். வாழை முடிக்கொத்து நோய் வைரஸ் ஆறு சின்ன டி.என்.ஏ. வட்டங்களாகப் பிரிந்து வாழ்கிறது. அதில் ஒரு வட்டம் முழுக்க நகர்வுப் புரதத்துக்கே ஒதுக்கப்பட்டது. அசுவினி இலையில் விட்ட வைரஸ் அந்த இலையில் தங்காமல் கீழே கிழங்குக்கு இறங்கி, அங்கிருந்து புதிய குருத்துக்கும் பக்கக் கன்றுகளுக்கும் ஏறுகிறது. கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் பேர்பெற்ற மலைவாழையின் பரப்பு பெரிய அளவில் சுருங்கியதற்கு இந்த நோய் முக்கியக் காரணம். தாய் மரத்தில் நோய் இருந்தால் கன்று பார்க்க எவ்வளவு திடமாக இருந்தாலும் நடாதீர்கள். தாயின் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தந்திக் குறிபோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கன்றெடுங்கள். மரவள்ளிக் கரணைக்கும் இதே விதிதான். இலை தேமலாக இருக்கும் செடியின் குச்சியில் வைரஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, சேலம், நாமக்கல் பகுதிகளில் நோய் ஆண்டுக்கு ஆண்டு தொடர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

திசு வளர்ப்புக் கன்று வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. வளரும் நுனியின் உச்சியில் உள்ள ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பகுதியில் புளோயம் இன்னும் உருவாகியிருக்காது. பல வைரஸ்களால் அங்கே எளிதில் எட்ட முடியாது. 1952-ல் பிரான்சில் மோரெல், மார்ட்டின் இருவரும் வைரஸ் தாக்கிய டேலியாச் செடியின் நுனியை வளர்த்து நோயற்ற செடியை எடுத்தது இந்த இடைவெளியைப் பயன்படுத்தித்தான். ஆனால் வாழையில் வைரஸ் நுனிக்கு மிக அருகில் வரை வந்துவிடும், நுனி எடுப்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. ஆகவே கன்று விற்பவரிடம் "தாய்க்கிழங்கை வைரஸ் பரிசோதனை செய்தீர்களா, சான்று இருக்கிறதா" என்று கேளுங்கள். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இந்தப் பரிசோதனைக்கு வசதி உண்டு. சான்று காட்டாதவரிடம் கன்று எடுக்காதீர்கள்.